அவன் இஞ்ச இல்லை

யாழ்ப்பாணத்தில் ஆமி வருகிறது என்றால் வீட்டில் முதலில் ஒளிக்க வேண்டியது ஆண்பிள்ளைகளை அல்ல, அவர்களுடைய செருப்புகளை. வாசலில் எத்தனை சோடி ஆண் செருப்புக் கிடக்கிறது என்று பார்த்துத்தான் உள்ளே எத்தனை பேர் என்று அவர்கள் கணக்குப் போடுவார்கள். பிறகு கொடியில் காயும் சேர்ட்டுகள். பிறகு சுவரில் தொங்கும் படங்கள். நாய் குரைக்கத் தொடங்கிப் படலை திறபடுவதற்குள் ஒரு பெண் தனியாக இவ்வளவையும் செய்து முடிப்பாள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் தெரிந்திருந்தது.

கனடாவுக்கு வந்து இதையெல்லாம் நான் மறந்தே போயிருந்தேன். வோபர்னில், மார்க்கம் வீதிக் கரையில் நின்ற ஒரு பழைய கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் வைத்து எனக்கு அதை மறுபடி நினைவுபடுத்தினார்கள். கனடா இராணுவத்தில் பொறியியல் அதிகாரியாகச் சேர நான் விண்ணப்பித்திருந்த காலம் அது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு முப்பது வயது முட்டிக்கொண்டிருந்தது. இலங்கையில் சிவில் எஞ்சினியராகப் பட்டம் எடுத்து, வன்னிப் பக்கம் கொஞ்சக் காலம் மதகுகளும் ஒரு சின்னப் பாலமும் கட்டியவன் நான். கனடாவில் வாளி மூடி செய்தேன். ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலை. இயந்திரம் வாயைத் திறக்கும், நான் மூடியை எடுத்து விளிம்பைச் சீவிப் பெட்டியில் போடுவேன், அது வாயை மூடிக்கொள்ளும். உலகத்துக்கு வாளி மூடி வேண்டும்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கு நீரோட்டக் கணக்கெல்லாம் படித்திருக்கத் தேவையில்லை.

எஞ்சினியர் வேலைக்கு நேர்முகம் போகாமலும் இல்லை. இரவல் கோட்டைப் போட்டுக்கொண்டு மிசிசாகா வரைக்கும் போயிருக்கிறேன். எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான்: கனடிய அனுபவம் இருக்கிறதா? வேலை தந்தால்தானே ஐயா அனுபவம் வரும் என்று நாக்கு நுனிவரை வரும். விழுங்கிவிட்டுச் சிரிப்பேன். அவர்களும் சிரிப்பார்கள். இரண்டு பக்கமும் இவ்வளவு சிரிப்பு இருந்தும் ஒரு வேலையும் கிடைக்கவில்லை.

அப்படி ஒரு நாள் வேலையால் வந்து களைத்துப்போய்க் கிடந்தபோது ரீவியில் பொஸ்னியாவைக் காட்டினார்கள். உடைந்த பாலம், கலங்கிய ஆறு, இந்தக் கரையில் கனடா இராணுவத்துப் பொறியியலாளர்கள். இரும்புத் துண்டுகளைப் பொருத்தி ஒரு பாலத்தை அந்தக் கரைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் தொப்பியையும் துவக்கையும் பார்த்திருப்பார்கள். நான் பாலம் குந்தப்போகிற அந்தக் கரை மண்ணைப் பார்த்தேன். அது ஈரக் களி. அதில் இப்படி நேரே வைத்தால் இறங்கும், அகலமாக அடி போட வேண்டும் என்று என் பாட்டில் சொன்னேன். அடுத்த காட்சியில் அவர்கள் மரக்குற்றிகளை அடுக்கி அகலமாகத்தான் அடி போட்டிருந்தார்கள். எனக்கு நித்திரை போய்விட்டது.

யங் வீதியில் இருந்த ஆட்சேர்ப்பு நிலையத்துக்கு அந்தக் கிழமையே போனேன். முகம் முழுக்கப் புள்ளி விழுந்த ஒரு பெண் கப்டன் என்னை இருத்திக் கதைத்தார். அவர் கனடிய அனுபவத்தைப் பற்றி மூச்சே விடவில்லை. எந்த மாதிரி மண்ணில் மதகு கட்டினாய், மாரியில் வெள்ளம் எந்தப் பக்கத்தால் வந்தது, சீமெந்து கிடைக்காத நாளில் என்ன செய்தாய் என்று கேட்டார். கனடாவில் என்னிடம் மண்ணைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அவர். நான் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டே இருந்தேன். திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. கண்ணாடிப் பக்கம் திரும்பி இருந்துகொண்டேன்.

அதன் பிறகு நான் ஒற்றைக் காலில் நின்றேன். என் பட்டத்தை இங்கத்தைய பட்டத்துக்குச் சமம் என்று காட்ட வேண்டியிருந்தது, காட்டினேன். சோதனை எழுதினேன். வைத்தியர் காதுக்குள்ளும் வாய்க்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். உடம்பை உறுதியாக்க, வேலைக்குப் போகுமுன் வரவேற்பறைக் கம்பளத்தில் குப்புறக் கிடந்து தண்டால் எடுப்பேன். அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்று பார்ப்பார்.

"என்ன மோனை, நிலத்தில ஏதும் துலைச்சுப்போட்டியோ?"

அம்மா என்னை ‘மோனை’ என்றுதான் கூப்பிடுவார். வீட்டில் அம்மா, நான், தங்கச்சி மூன்று பேர். அப்பா ஊரிலேயே காலமாகிவிட்டார். எனக்கும் தங்கச்சிக்கும் இடையில் ஒரு தம்பி இருந்தான். நான் பல்கலைக்கழக வளாகத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு காலைப்பொழுது ஆமி வீட்டுக்கு வந்து அவனைக் கொண்டுபோனது. ஒரு சின்ன விசாரணை என்றார்களாம். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. எந்த ஆமி என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. எங்கள் ஊருக்கு வந்துபோன ஆமி ஒன்றல்ல, சொல்லி இனி ஆகப்போவதும் ஒன்றுமில்லை. அம்மாவின் வாயில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்.

அம்மாவிடம் நான் ஒன்றையும் ஒளிக்கவில்லை. வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் இருந்து சொன்னேன்.

"அம்மா, கனடா ஆமியில எஞ்சினியர் வேலைக்குப் போட்டிருக்கிறன்."

"ஆமிக்கோ?"

"ஓம். ஆனா இது வேற ஆமி, அம்மா. பாலம் போடுறது, றோட்டுத் திறக்கிறது, தண்ணி குடுக்கிறது. பேருக்கு முன்னால எஞ்சினியர் எண்டு இருக்கும்."

அம்மா அந்த வெங்காயத்தை வெட்டி முடித்து அடுத்ததை எடுத்தார். பிறகு "ம்" என்றார். எங்கள் வீட்டில் ‘ம்’ என்றால் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். வெங்காயம் வெட்டுகிற ஆளின் கண்ணீரை யார் பெரிதாக எடுப்பார்கள்?

அக்கம்பக்கத்தில் மட்டும் மூச்சு விடவில்லை. ஒரு காரியம் சரிவருமுன் வெளியே சொன்னால் நாவூறு பட்டுவிடும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. பட்டம் படித்தவன்தான் என்றாலும் அதை மீறிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

கடைசியில் பின்னணி விசாரணை மட்டும் மிச்சமிருந்தது. கப்டன் அதைப் பூசி மெழுகாமல் சொன்னார். இங்கே பிறந்தவன் என்றால் அவன் படித்த பள்ளிக்கூடத்தில், பொலிசில் கேட்டு முடித்துவிடுவார்களாம். வெளிநாட்டில் வளர்ந்தவனுக்குக் காலம் எடுக்கும். உன்னுடைய ஊரிலோ சண்டை நடக்கிறது, அங்கே போய் யாரிடம் கேட்பது? ஆகவே இங்கே உன்னைத் தெரிந்தவர்களிடம்தான் கேட்போம், வீட்டுக்கு ஒருவர் வருவார், அயலவர்களிடமும் கதைப்பார் என்றார். எனக்குச் சிரிப்பாக இருந்தது. எங்கள் கட்டடத்தில் யார் வீட்டில் என்ன கறி என்று எலிவேற்றருக்குள் வைத்தே சொல்லிவிடலாம். என்னைத் தெரியாதவர் அங்கே யார்? தாராளமாகக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாசி மாதத்தில் ஒரு நாள் வேலையால் வந்து எலிவேற்றரை விட்டு இறங்கினேன். எங்கள் வீட்டுக் கதவுக்கு வெளியே மிதியடியில் அம்மாவின் செருப்பும் தங்கச்சியின் செருப்பும் மட்டும் கிடந்தன. என் நல்ல சப்பாத்து, ஓடுகிற சப்பாத்து, குப்பை போடப் போகும்போது கொழுவுகிற செருப்பு, ஒன்றையும் காணவில்லை. உள்ளே போனால் சுவரில் என் பட்டமளிப்புப் படம் இல்லை. ஆணி மட்டும் நின்றது. கதவுக்குப் பின்னால் தொங்கும் என் குளிர் ஜாக்கெற்றும் இல்லை.

அம்மா குசினியில் சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

"ஆமி வந்தது," என்றார் திரும்பாமல். "நீ இஞ்ச இல்லையெண்டு சொல்லிப்போட்டன்."

கீழ் வாசலில் மணி அடித்தவர் எலிவேற்றரில் மேலே வருவதற்குள் அம்மா எல்லாவற்றையும் ஒளித்திருந்தார். சப்பாத்துகள் அரிசிச் சாக்குக்குப் பின்னால் இருந்தன. படம் அம்மாவின் சேலைகளுக்கு நடுவில் இருந்தது. நான் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டுப்பட்டது. பக்கத்து வீட்டு அன்ரி ஒரு கோப்பையில் கடலைவடையோடு நின்றா. அவவுக்குப் பின்னால், முன்வீட்டில் இருக்கும் ரக்சி ஓடுகிற அண்ணை. இரண்டு பேரின் முகத்திலும் பரீட்சையில் பாஸ் பண்ணின சந்தோசம்.

"தம்பி, நீங்கள் ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ," என்றா அன்ரி. "என்னட்டையும் வந்து கேட்டவன். உங்கட பேரைச் சொல்லி, தெரியுமோ எண்டு. எனக்கு இங்கிலீஸ் தெரியாது, இந்தப் பேரையும் தெரியாது எண்டு கையை விரிச்சுப்போட்டன்."

"எனக்கு இங்கிலீஸ் தெரியும்தானே," என்றார் அண்ணை. "ஒம்பதாம் மாடியில அப்பிடி ஒரு ஆளே இல்லையெண்டு அடிச்சுச் சொன்னனான். அவன் கோட்டும் சூட்டும் போட்டு வந்தவன், ஆனா சப்பாத்தைப் பாத்த உடன நான் பிடிச்சிட்டன். அந்த மினுக்கு ஆமிக்காரன்ர மினுக்கு. எங்களுக்குத் தெரியாத சப்பாத்தே? சரி, உண்மையைச் சொல்லும், நீர் என்ன செய்தனீர்?"

கோபித்துக் கத்தியிருப்பேன், ஆனால் யாரோடு கோபிப்பது? அன்ரியின் புருசன் ஊரில் ஒரு முறை எங்கள் வீட்டைப் போன்ற ஒரு வீட்டில் ஒளிந்து உயிர் தப்பியவர். அந்த வீட்டுக்காரர் அவரைத் தெரியவே தெரியாது என்று சொல்லியிருந்தார்கள். இவர்கள் எனக்குச் செய்தது அதே உதவிதான். நான் விசயத்தைச் சொன்னேன். அண்ணை கடித்த வடையை அப்படியே கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஆமியில சேரவோ? உமக்கென்ன விசரே?"

அடுத்த கிழமை கப்டன் தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் பழைய கலகலப்பு இல்லை. நீ தந்த விலாசத்தில் உன்னை ஒருவருக்கும் தெரியவில்லை, உன் தாயே தனக்கு மகன் இல்லை என்கிறார், அந்த வீட்டில் ஓர் ஆண் வசிக்கிற அடையாளமே இல்லை என்றார். நான் செருப்புக் கதையிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இடையில் குறுக்கிடவில்லை. முடிவில் ஒரு பெருமூச்சு விட்டார். இன்னொரு முறை ஆளை அனுப்புகிறேன், அயலவர்கள் சொல்வது இருக்கட்டும், உன் தாய் தன் வாயால் சொல்ல வேண்டும், அதில்லாமல் என்னால் இதை நகர்த்த முடியாது என்றார்.

அன்று தங்கச்சியோடு உடுப்புத் தோய்க்கக் கீழே இறங்கினேன். நிலவறையில் தோய்க்கிற அறை. இயந்திரங்களின் இரைச்சலில் அம்மாவைப் பற்றிக் கதைக்க அதுதான் தோதான இடம். ஒரு வார்த்தை, ஓம் இவன் என் மகன் என்று சொல்ல அம்மாவுக்கு என்ன வில்லங்கம் என்று நான் வாய்க்கு வந்தபடி எரிந்து விழுந்தேன். தங்கச்சி ஈர உடுப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணா, சின்னண்ணாவை எப்பிடிக் கொண்டுபோனவங்கள் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"ஆமி வந்து கொண்டுபோனது."

"நான் அப்ப வீட்டில நிண்டனான். எனக்குப் பத்து வயசு. அவங்கள் உள்ளுக்கு வரேல்லை. வாசல்ல நிண்டு மரியாதையா, அம்மா, உங்கட மகன் நிக்கிறாரோ எண்டு கேட்டவங்கள். அம்மா ஓம் எண்டு சொன்னவ. அவன் ஒரு பிழையும் செய்யேல்லைதானே, என்னத்துக்குப் பொய் சொல்லுவான் எண்டு. சின்னண்ணா அறைக்குள்ள படிச்சுக்கொண்டிருந்தவர். அம்மாதான் கூப்பிட்டவ. மோனை, இஞ்ச ஒருக்கா வந்திட்டுப் போ எண்டு."

இயந்திரம் சுற்றி முடித்து நின்றது. நாங்கள் இருவரும் அதைத் திறக்கவில்லை. இத்தனை வருசமாக எனக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை.

அப்போதே விண்ணப்பத்தை விட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். ஆனால் மறுநாள் வேலையில் இயந்திரம் வாயைத் திறந்தது, நான் மூடியை எடுத்தேன், அது வாயை மூடியது. மத்தியானத்துக்குள் என் மனம் மாறிவிட்டது. இதை விட்டால் சாகும்வரைக்கும் வாளி மூடிதான் என்று பயந்தேன். அம்மாவைக் கெஞ்சினேன். பக்கத்தில் இருந்து, கையைப் பிடித்து, அம்மா, ஒருக்காத் தன்னும் சொல்லுங்கோ, இவர்கள் ஆளைக் கொண்டுபோக வரவில்லை, கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்றேன். அம்மா என் கையை நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"சரி மோனை," என்றார். "ஆனா நீ அறைக்குள்ள இரு. நான் கூப்பிடேக்க வா."

அந்த மனிதர் பங்குனியில் திரும்ப வந்தார். நரைத்த மீசை, ஆளைப் பார்த்தால் நல்லவர் என்று தெரியும். அன்று சப்பாத்துகளை ஒருவரும் ஒளிக்கவில்லை. முதலில் அயல் வீடுகளுக்குப் போனார். எங்கள் கதவைக் கொஞ்சம் நீக்கிக் கேட்டுக்கொண்டு நின்றேன். ரக்சி அண்ணை இந்தமுறை என்னைத் தெரியும் என்று சொல்வதாகத் தந்த சொல்லைக் காப்பாற்றினார், ஆனால் கொஞ்சம் கூடிவிட்டது. நல்ல பெடியன், குடியில்லை, சிகரெற் இல்லை, ஒவ்வொரு வெள்ளியும் கோயில் என்று ஆங்கிலத்தில் பொழிந்து தள்ளினார். நான் கோயிலுக்குப் போனதை அவர் எந்தக் காலத்தில் கண்டார் என்று எனக்குத் தெரியாது. பிறகு எங்கள் கதவு தட்டுப்பட்டது. நான் அறைக்குள் போய்க் கட்டிலில் இருந்தேன்.

அவர் வெளியே சப்பாத்தைக் கழற்றி என் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்தார் என்பதைப் பிறகுதான் கண்டேன். எங்கள் வழக்கத்தைப் பார்த்து மரியாதைக்குச் செய்திருப்பார். கதவைத் திறந்த அம்மாவின் கண்ணில் முதலில் பட்டது அதுவாகத்தான் இருக்கும். மினுக்கின ஆமிச் சப்பாத்தும் மகனின் சப்பாத்தும் ஒரே மிதியடியில்.

அவர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, அம்மாவுக்கு விளங்கும்படி கேட்டார். அம்மா, உங்கள் மகன் வீட்டில் இருக்கிறாரா? அதே கேள்வி, அதே மரியாதை. நான் சேர்ட்டின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு எழும்பி நின்றேன். அம்மா கூப்பிடவில்லை. குசினியில் பிரிஜ் இரைகிற சத்தம் கேட்டது.

"நோ சன்," என்றார் அம்மா.

அவர் போன முறையும் இப்படித்தான் சொன்னீர்கள் என்று ஏதோ தொடங்கினார்.

"வன் சன். ஆமி ரேக். நோ மோர் சன்."

அம்மாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவுதான். ஒரு மகன் இருந்தான், ஆமி கொண்டுபோய்விட்டது, இனி மகன் இல்லை. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் நான் நின்ற நேரம் எவ்வளவு என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நான் வெளியே போகாவிட்டால் அவர் எழும்பிப் போய்விடுவார், எல்லாம் முடிந்துவிடும், அம்மா இரவு நிம்மதியாகப் படுப்பார். எனக்கு அது தெரியும். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

"நான்தான் அந்த மகன்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அந்த மனிதரின் கைகளையே பார்த்தார், அவை அசைகின்றனவா என்று. பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"நான் கூப்பிடேல்லை," என்றார். "இந்தமுறை நான் கூப்பிடேல்லையே, மோனை."

தாய் என்ன சொல்கிறார் என்று அந்த மனிதர் கேட்டார். அவர் என் முகத்தையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் வீட்டு மூக்கு ஒரே மூக்கு, அதை மறைக்க ஏலாது. சரி, தேவையில்லை என்று தலையசைத்துவிட்டு எழும்பினார். போகும்போது அம்மாவுக்கு முன்னால் கொஞ்சம் குனிந்தார். அம்மா அவருக்குப் பின்னாலேயே போய் மிதியடியில் கிடந்த என் சப்பாத்துகளை உள்ளே எடுத்து வைத்தார்.

எனக்கு வேலை கிடைத்தது. இலையுதிர் காலத்தில் யங் வீதி நிலையத்தில் கொடிக்கு முன்னால் நின்று சத்தியம் செய்தேன். தங்கச்சி வந்து படம் எடுத்தாள். அம்மா வரவில்லை, கால் உளைவு என்றாள். பயிற்சிக்குப் புறப்பட்ட காலை மிதியடியில் என் சப்பாத்துகள் இல்லை. எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அரிசிச் சாக்குக்குப் பின்னால் குனிந்து எடுத்தபோது அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்று எதையோ கிண்டிக்கொண்டிருந்தார். அடுப்பு எரியவில்லை. போட்டு வாறன் என்றேன். அவர் திரும்பவில்லை.

முதலில் கியூபெக்கில் அதிகாரிப் பயிற்சி. பிறகு மேற்குக் கரைப் பக்கம் பொறியியல் பள்ளி. அங்கே நான் நன்றாகச் செய்தேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ரீவியில் பார்த்த அதே இரும்புப் பாலத்தை ஒரு சின்ன ஆற்றுக்குக் குறுக்கே நான் நின்று போடுவித்தேன். முதல் லொறி ஏறி அந்தக் கரைக்குப் போனபோது பாலம் எவ்வளவு வளைய வேண்டுமோ அவ்வளவுதான் வளைந்தது. அன்றைக்கு நான் சந்தோசமாக இருந்தேன். கண்ணிவெடி தேடவும் பழக்கினார்கள். ஈர மண்ணில் குப்புறக் கிடந்து, ஒரு கம்பியால் சரிவாகக் குத்திக் குத்தி, விரலால் உணர்ந்து முன்னேற வேண்டும். நிலத்தில் ஏதும் துலைச்சுப்போட்டியோ என்று அம்மா கேட்டது நினைவுக்கு வரும். சொல்லிச் சிரிக்க அங்கே ஒருவருமில்லை.

கிழமைக்கு ஒருமுறை முகாமின் பொதுத் தொலைபேசியிலிருந்து வீட்டுக்கு எடுப்பேன். தங்கச்சிதான் கதைப்பாள். அம்மா பக்கத்திலதான் நிக்கிறா என்பாள். ஆனால் அம்மா ஒரு நாளும் போனை வாங்கவில்லை. முன்பு நான் தொழிற்சாலையிலிருந்து எடுத்தால், வாய் திறந்த உடனேயே இன்றைக்குச் சாப்பிடவில்லை, இன்றைக்குத் தலையிடி என்று குரலை வைத்தே கண்டுபிடிக்கிற மனுசி அவர்.

நத்தார்ப் பண்டிகை கழிந்த ஒரு ஞாயிறு மத்தியானம் எடுத்தேன். தங்கச்சிக்கு அன்று வேலை இருந்திருக்கிறது. மணி நெடுநேரம் அடித்தது. வைக்கப் போகும்போது அம்மா எடுத்தார்.

"ஆர்?"

"அம்மா, நான்."

பின்னால் எங்கள் வீட்டு பிரிஜ் இரைந்தது. அது பழுதாகப் போகிறது என்று நினைத்தேன்.

"அவன் இஞ்ச இல்லை," என்றார் அம்மா.

விசாரிக்க வந்தவருக்குச் சொன்ன அதே குரல். என்னைத் தெரியாமல் சொல்லவில்லை. என் குரல் அவருக்குத் தெரியாமல் போகாது. அம்மா, விளையாடாதேங்கோ என்று சொல்ல வாய் எடுத்தேன். அது விளையாட்டில்லை என்று எனக்குத் தெரியும்.

"அவன் வந்தா, நான் எடுத்தனான் எண்டு சொல்லுறீங்களோ?" என்றேன்.

"அவன் வரமாட்டான். அவனையும் ஆமி கொண்டுபோட்டுது."

அம்மா போனை வைக்கவில்லை. மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. எனக்கு ஒரு கிழமையாகத் தடிமன். அடக்கிப் பார்த்தும் இருமல் வந்துவிட்டது.

"உங்களுக்கு நெஞ்சில சளி கட்டியிருக்கு, தம்பி," என்றார் அம்மா. மோனை என்று சொல்லவில்லை. வழி விசாரிக்க வந்த வேற்று ஆளுக்குச் சொல்வது போல, மரியாதையாகச் சொன்னார். "சுடுதண்ணி குடியுங்கோ. தலையை ஈரமா விடாதேங்கோ."

பிறகு போனை வைத்துவிட்டார்.